நிறமில்லாப் பிம்பம்

ஆய்வகத்தில் நாங்கள் குவிலென்சினால் சன்னலின் பிம்பத்தைத் திரையில் விழச் செய்தோம். உற்று நோக்கினால், ஓரத்தில் மெல்லிய நிறக்கோடு! ஏன்? கண்ணாடியில் நீல ஒளி சிவப்பைவிட அதிகம் விலகுகிறது. ஆகவே லென்சுக்குச் சற்று அருகிலேயே குவிகிறது. இதுவே நிறப்பிறழ்ச்சி.

லென்சுகளால் இக்குறையை நீக்க முடியாதெனக் கருதிய நியூட்டன், 1668-ல் ஆடியால் தொலைநோக்கி செய்தார். ஆனால் எல்லாக் கண்ணாடியும் ஒரே விகிதத்தில் நிறம் பிரிப்பதில்லை. கிரௌன் கண்ணாடிக் குவிலென்சு பிரித்த நிறங்களை, ஃபிளிண்ட் கண்ணாடிக் குழிலென்சு பெருமளவு ஒன்றுசேர்க்கிறது. குவிக்கும் திறனோ மிஞ்சுகிறது. பட்டு நெசவாளராயிருந்த ஜான் டாலண்ட் 1758-ல் இதற்குக் காப்புரிமை பெற்றார்.

இன்று கணிப்பொறி, ஒவ்வொரு பரப்பிலும் கதிர் செல்லும் பாதையை நொடியில் கணக்கிட்டுத் தருகிறது. எனினும், பேரறிஞர் முடியாதென்றதையும் சோதித்துப் பார்க்கும் துணிவு நம்மிடமன்றோ பிறக்க வேண்டும்!