எல்லையுள்ள பந்தயமும் எல்லையற்ற பந்தயமும்

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ராப்ஸ்டவுன் என்னும் சிற்றூரில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிறந்ததென்று அம்மாநிலச் சட்டசபையே அங்கீகரித்த 'டெக்சாஸ் ஹோல்டெம்' என்ற போக்கர் ஆட்டம், இன்று உலகின் பிரதானமான சீட்டாட்டங்களுள் ஒன்றாக விளங்குகிறது. ஆடுபவர் ஒவ்வொருவருக்கும் பிறர் காணாதபடி இரண்டு சீட்டுகள் வழங்கப்படும்; பின்பு மேசையின் நடுவே முதலில் மூன்றும், அடுத்து ஒன்றும், இறுதியில் ஒன்றுமாக ஐந்து பொதுச் சீட்டுகள் விரிக்கப்படும். இந்த ஏழில் சிறந்த ஐந்தைக் கொண்டு யாருடைய சேர்க்கை உயர்ந்ததென்று தீர்மானிப்பார்கள். பொதுச் சீட்டுகள் விழுமுன் ஒரு முறையும், ஒவ்வொரு தடவை விழுந்த பின்னும் ஒரு முறையுமாக நான்கு கட்டங்களில் பந்தயம் நடக்கும். பிறர் கட்டிய தொகைக்கு ஈடு கட்ட மனமில்லாதவர் சீட்டுகளை வைத்துவிட்டு விலகிக்கொள்ளலாம்.

இந்தப் பந்தயத்தில் இரு மரபுகள் உண்டு. 'லிமிட்' ஆட்டத்தில் தொகையை விதியே நிர்ணயிக்கிறது: 10, 20 டாலர் ஆட்டமானால் முதலிரண்டு கட்டங்களில் 10 டாலரும் பின்னிரண்டு கட்டங்களில் 20 டாலரும்தான் ஒரு தடவைக்குக் கட்டலாம். 'நோ-லிமிட்' ஆட்டத்திலோ, தம் முன்னே குவிந்திருக்கும், பணத்துக்கு ஈடான வில்லைகள் அனைத்தையும் எந்தக் கணத்திலும் ஒருவர் நடுவே தள்ளிவிடலாம். சீட்டுகளும் அவையே, சேர்க்கைகளின் வரிசையும் அதுவே. ஆயினும் முன்னதில் பல ஆண்டு தேர்ந்தவர், தம் யுக்திகளை மாற்றிக்கொள்ளாமல் பின்னதில் இறங்குவாரானால், அவருடைய திறமையே அவருக்குப் பகையாகிவிடும். அதன் காரணம் கணிதத்தில் இருக்கிறது.

ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். மூன்று பொதுச் சீட்டுகள் விழுந்த நிலையில், ஒருவரிடம் நான்கு ஆர்ட்டின்கள் சேர்ந்திருக்கின்றன. ஐந்தாவது வந்தால் அவருக்கு ஏறக்குறைய வெற்றி நிச்சயம். அவர் காணாத 47 சீட்டுகளில் 9 ஆர்ட்டின்கள் எஞ்சியுள்ளமையால், அடுத்த சீட்டில் அது வாராமைக்கும் வருவதற்கும் உள்ள விகிதம் 38-க்கு 9, அதாவது நான்குக்கு ஒன்றைவிடச் சற்று அதிகம். நடுவில் 60 டாலர் இருக்க, எதிராளி லிமிட் விதிப்படி 10 டாலர் கட்டினால், 70 டாலரைப் பெறுவதற்கு இவர் செலுத்த வேண்டிய விலை 10 டாலர்தான். ஏழுக்கு ஒன்று கிடைக்கும்போது ஈடு கட்டுவதே விவேகம். அதே இடத்தில் நோ-லிமிட் எதிராளி 60 டாலர் கட்டிவிட்டால், 120 டாலருக்காக 60 டாலர் கொடுக்க நேர்கிறது. இரண்டுக்கு ஒன்று என்ற அந்த விலையில், அந்தக் கட்டத்தை மட்டும் கணக்கிட்டால், அதே சீட்டுகள் நஷ்டத்தையே தரும்.

ஆகவே லிமிட் ஆட்டக்காரர் முதலில் உணரவேண்டியது, விலையை இனி விதி சொல்லாது, ஆடுபவர்களே சொல்வார்கள் என்பதுதான். 'என் சீட்டு உயர்ந்ததா?' என்று இதுவரை கேட்டுவந்தவர், 'எவ்வளவு தொகை வரைக்கும் இந்தச் சீட்டு தாங்கும்?' என்று கேட்கப் பழகவேண்டும். ஏஸ் ஒன்றுடன் மட்டமான துணைச் சீட்டை வைத்திருப்பவர் பொதுச் சீட்டில் இன்னொரு ஏஸைக் கண்டால், லிமிட்டில் கடைசி வரை தயங்காமல் போகலாம், ஏனெனில் தோற்றாலும் நஷ்டம் சில பந்தயங்களோடு நின்றுவிடும். நோ-லிமிட்டில் அந்த ஒற்றை ஜோடியை நம்பிக் கைப்பொருள் முழுவதையும் வைப்பவர், பெரும்பாலும் தம்மினும் வலிய சேர்க்கையையே எதிரில் காண்பார். மாறாக, சிறிய ஜோடி ஒன்று முதல் மூன்று பொதுச் சீட்டுகளில் மும்மையாக மாறுவது ஏறக்குறைய எட்டரைத் தடவைக்கு ஒரு முறையே என்றாலும், மாறியபோது எதிராளியின் குவியல் முழுவதையும் வெல்லும் சாத்தியம் உண்டாதலின், இருவரிடமும் வில்லைகள் ஏராளமாக இருக்கும் வேளையில் அதன் மதிப்பு பன்மடங்கு உயர்கிறது. வில்லைக் குவியலின் ஆழம் லிமிட்டில் அற்ப விஷயம். இங்கே ஒவ்வொரு முடிவுக்கும் அதுவே பிரமாணம்.

கையில் ஒன்றுமில்லாமல் மிரட்டிப் பார்க்கும் கலையும் இவ்வாறே மாறுகிறது. நடுவில் 100 டாலர் இருக்க 20 டாலர் மட்டும் கட்டினால், ஆறுக்கு ஒன்று என்ற மலிவான விலையைக் கண்டு எதிராளி பெரும்பாலும் விலகமாட்டார். 100 டாலர் கட்டினால் அவருக்கு இரண்டுக்கு ஒன்றே கிடைப்பதால் விலகுவதற்கு நியாயமான காரணம் பிறக்கிறது. எதிராளி விலகினாலும் ஈடு கட்டினாலும் லாபம் காணாதபடி ஆடவேண்டுமானால், இறுதிக் கட்டத்தில் கட்டும் பந்தயங்களுள் மிரட்டலின் பங்கு 20 டாலர் கட்டும்போது ஏழில் ஒன்றாகவும், 100 டாலர் கட்டும்போது மூன்றில் ஒன்றாகவும் இருக்கவேண்டும் என்பது கணிதம் தரும் விடை. லிமிட்டில் பழகியவர் மிரட்டவும் தயங்குகிறார், மிரட்டலுக்கு விலகவும் தயங்குகிறார். இரு தயக்கங்களும் அவருடைய பழைய ஆட்டத்தில் நியாயமானவையே.

இவ்விரு ஆட்டங்களின் இயல்பு எவ்வளவு வேறுபட்டதென்பதை இயந்திரங்கள் நிரூபித்திருக்கின்றன. இருவர் ஆடும் லிமிட் ஹோல்டெமில் முடிவெடுக்கவேண்டிய நிலைகள் ஏறத்தாழ 3-க்குப் பின் 14 பூஜ்யங்கள் இட்ட எண்ணிக்கை. கனடாவின் ஆல்பர்ட்டா சர்வகலாசாலை விஞ்ஞானிகள் 'செஃபியஸ்' என்ற தங்கள் நிரலின் துணைகொண்டு, நடைமுறையில் குறையற்றது என்று சொல்லத்தக்க விடையை 2015-இல் வெளியிட்டார்கள். நோ-லிமிட்டிலோ, பந்தயத்தின் அளவையும் தேர்ந்தெடுக்கவேண்டியிருப்பதால், அந்நிலைகள் 1-க்குப் பின் 160 பூஜ்யங்களையும் தாண்டுகின்றன. 2017 ஜனவரியில், பிட்ஸ்பர்க் நகரில், கார்னகி மெலன் சர்வகலாசாலையின் 'லிப்ரேட்டஸ்' என்ற நிரல் நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களை 1,20,000 ஆட்டங்களில் தோற்கடித்தபோதும், ஆட்டத்தை முற்றாகத் தீர்த்து அது வெல்லவில்லை. சுருக்கிய வடிவத்தில் முன்கூட்டியே வகுத்த யுக்தியை, எதிர்ப்பட்ட நிலைக்கேற்ப அப்போதைக்கப்போது மறுபடி கணக்கிட்டே வென்றது.

மாறவிரும்பும் மனிதருக்கும் இதுவே வழி. பொறுமை, நிகழ்தகவுக் கணிதம் முதலிய பழைய சொத்துகளை அவர் கைவிட வேண்டியதில்லை; அவற்றின்மேல், ஒவ்வொரு நிலையிலும் தொகையைத் தாமே எடைபோடும் பழக்கத்தை ஏற்றிக்கொள்ளவேண்டும். ஒரே தவறில் கைமுதல் முழுவதும் போகக்கூடிய இந்தப் பாடத்தைக் காசு வைத்துக் கற்பது பேதைமை. கற்க விரும்புவோர் வெறும் வில்லைகளையும் காகிதத்தையும் பென்சிலையும் கொண்டு கற்பார்களாக.