நிறவெழுத்து

இலையின் பச்சை ஒரே பொருளன்று. உருசியத் தாவரவியலறிஞர் மிகையில் சுவெற் வார்சோவிற் பணிபுரிந்த காலத்து, கண்ணாடிக் குழாயிற் கல்சியங்காபனேற்றுத் தூளை இறுக நிரப்பி, இலைநிறங்களின் கரைசலை அதன்மீது ஊற்றினார். பின்னர்த் தூய கரைப்பானைத் தொடர்ந்து செலுத்தினார். தூளிற் குறைவாகப் பற்றும் கரற்றீன் முந்தி இறங்கிற்று. இருவகைக் குளோரபில்களும் பின்தங்கி, மேலே மஞ்சட்பச்சையும் கீழே நீலப்பச்சையுமாக வெவ்வேறு வளையங்களாய் நின்றன. தூள் பற்றிநிறுத்த, திரவம் ஈர்த்துச்செல்ல, இவ்விழுபறியில் ஒவ்வொரு பொருளும் தனக்குரிய வேகத்திற் செல்கின்றது. முறையின் அடிப்படை இவ்வளவே.

1906இல் இதற்குக் குரோமற்றோகிராபி என அவர் பெயரிட்டார். கிரேக்கத்தில் நிறவெழுத்து என்பது பொருள். சுவெற் என்னும் உருசியச் சொல்லும் நிறத்தையே குறிப்பது சுவையானதே. ஆயினும் அப்பெயர் மயக்கந் தருவது. நிறமற்ற பொருள்களும் இவ்விதிக்கு அமையுமென அவரே எழுதியிருந்தார். தூளிற் பட்டுக் குளோரபில் திரிந்துவிடுமென ஐயுற்ற இரசாயனர் அம்முறையை ஏற்றிலர். 1919இல் அவர் மறைந்தார். 1931இல் ஐடெல்பேர்க்கிற் கூனும் உடனாய்ந்தோரும் கரற்றீனையே இரண்டாகப் பிரித்துக் காட்டிய பின்னரே அது மீண்டெழுந்தது.

1944இல் மாட்டினும் துணைவரும் வடிதாளைக் கையாண்டனர். அங்கு இழுபறி, தாளிற் தங்கிய நீருக்கும் நகருங் கரைப்பானுக்கும் இடையது. நிறமற்ற அமினோவமிலங்கள் பிரிந்து, நின்கைதரின் தெளித்துச் சூடாக்கியபின் ஊதாப் புள்ளிகளாய்த் தோன்றின.