இணைய விளையாட்டு அடிமைத்தனம்: அறிதலும் மீளுதலும்

கைபேசியில் நெடுநேரம் விளையாடுவது மட்டுமே நோயாகாது. விளையாட்டைக் கட்டுப்படுத்த இயலாமை, உணவு, உறக்கம், படிப்பைவிட அதற்கே முதன்மை அளித்தல், பாதிப்பு நேர்ந்த பின்னும் தொடர்தல் ஆகிய மூன்றும் பொதுவாக 12 மாதங்கள் நீடித்தால் அது நோய் என்கிறது, 2022 முதல் நடைமுறையிலுள்ள உலக சுகாதார நிறுவன வகைப்பாடு. பாதிப்பு கடுமையாயின் அதுவரை காத்திருக்க வேண்டாம்.

கைபேசியைத் திடீரெனப் பறித்தால் சினமே மிகும். பிள்ளையுடன் பேசி, நேரத்தைப் படிப்படியாகக் குறையுங்கள். இரவில் வீட்டார் அனைவரின் கைபேசிகளையும் படுக்குமிடத்திற்கு வெளியே வையுங்கள்.

மீள்வதற்கு உளவியல் சிகிச்சை உதவும். மானாம்பதி வட்டாரத்தினர் காஞ்சிபுரம் அரசு தலைமை மருத்துவமனையை அணுகலாம். பிள்ளை சாகப்போவதாகக் கூறினால் மிரட்டலென ஒதுக்காதீர்கள். தனியே விடாமல், 24 மணி நேரமும் இயங்கும் 14416 என்னும் கட்டணமில்லா எண்ணை உடனே அழையுங்கள்.