அமைதியான ஊரும் உப்பேறிய கிணறும்

குடியிருக்க அமைதியான கிராமத்தைத் தேர்வதா, வேலையும் வருமானமும் உள்ள தொழிற்பகுதியைத் தேர்வதா என்ற கேள்வி கொங்கு வட்டாரத்திலும் பாலாற்றங்கரையிலும் ஒரு தலைமுறைக்கு மேலாகப் பேசப்பட்டு வந்தாலும், அந்தப் பேச்சு பெரும்பாலும் வாடகை, பள்ளி, மருத்துவமனை, பேருந்து ஆகியவற்றைச் சுற்றி வந்து நின்றுவிடுகிறது. இரைச்சலும் புகையும் காதுக்கும் மூக்குக்கும் உடனே தெரிபவை என்பதால் அவற்றையும் சிலர் கணக்கில் சேர்க்கின்றனர். காலடியில் உள்ள நீரின் தன்மையை விசாரித்துவிட்டுக் குடிபோவோர் மிகக் குறைவு.

இரைச்சலைப் பொறுத்தவரை அளவுகோல் தெளிவாகவே உள்ளது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், பகல் நேரத்தில் குடியிருப்புப் பகுதிக்கு 55 டெசிபல், தொழிற்பகுதிக்கு 75 டெசிபல் என்றும், இரவில் முறையே 45, 70 என்றும் வரம்பு வைத்துள்ளன. டெசிபல் என்னும் ஒலியளவு பத்து கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகும் என்பதால், இரவில் இவ்விரு பகுதிகளுக்கும் இடையே சட்டமே அனுமதிக்கும் வேறுபாடு முந்நூறு மடங்குக்கும் அதிகம். ஆயினும் எந்திரம் நின்றால் ஓசை நின்றுவிடும். புகையும் சில நாட்களில் கலைந்துவிடும். நிலத்தடி நீரில் இறங்கியது அப்படிக் கலைவதில்லை.

திருப்பூர்ப் பகுதியில் நேர்ந்தது இதற்குத் தக்க சான்று. பருத்தித் துணியில் சாயம் நன்கு ஏறுவதற்காகச் சாயக் கரைசலில் சமையல் உப்போ சோடியம் சல்ஃபேட்டோ சேர்க்கப்படுகிறது. அடர்நிறங்களுக்கு லிட்டருக்கு 50 கிராமுக்கு மேலும் தேவைப்படும். அந்த உப்பு துணியில் தங்காது. ஏறக்குறைய முழுவதும் கழிவுநீரோடு வெளியேறும். சாதாரணச் சுத்திகரிப்பு நிறத்தை நீக்குமே தவிர உப்பை நீக்காது என்பதால், தெளிந்து தோன்றிய நீரும் பல ஆண்டுகள் உப்பைச் சுமந்தே நொய்யல் ஆற்றில் கலந்தது. நீதிமன்ற உத்தரவால் 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகள் மூடப்பட்டதும், சவ்வு வழியே நீரை வடித்து எஞ்சிய கரைசலை ஆவியாக்கும் முறை, அதாவது கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறாதபடி மறுசுழற்சி செய்யும் முறை, கட்டாயமானதும் ஊரறிந்த செய்திகள். அதற்கு முன்பே மண்ணுக்குள் இறங்கிவிட்ட உப்பைப் பற்றித்தான் பேச்சு குறைவாக இருக்கிறது.

கொங்கு நிலத்தின் அடியில் இருப்பது கடினப்பாறை. மணற்பாங்கான ஆற்றுப்படுகையைப் போல அங்கே நீர் பரவலாக ஊறி நகராது. பாறையின் வெடிப்புகளிலும் சிதைந்த மேலடுக்கிலும் மட்டுமே தங்கும். அத்தகைய இடுக்குகளில் புகுந்த உப்பு எளிதில் கழுவப்படுவதில்லை என்பதால், நல்ல மழை பெய்து ஆறு தெளிந்தோடும் ஆண்டில்கூடக் கரையோரக் கிணறு உப்புக்கரித்தபடி இருப்பது வியப்பன்று. சென்னிமலைக்கு அருகே நொய்யலின் குறுக்கே கட்டப்பட்டு 1992இல் பயன்பாட்டுக்கு வந்த ஒரத்துப்பாளையம் அணை, பாசனத்துக்கு என எழுப்பப்பட்டு, சில ஆண்டுகளுக்குள் சாயக்கழிவு தேங்கும் இடமாகி, அதில் நீரைத் தேக்கவே வேண்டாம் என்று விவசாயிகளே கோரும் நிலைக்கு வந்தது. பாசன அணையில் நீர் வேண்டாம் என்று உழவர் சொன்ன கதை தமிழ்நாட்டில் வேறெங்கும் எளிதில் கிடைக்காது.

அந்த அணையைச் சுற்றியிருந்தவை தொழிற்பேட்டைகள் அல்ல. மேய்ச்சல் நிலமும் தென்னந்தோப்பும் கொண்ட, பகலில் ஆட்டுமணி கேட்கும் ஊர்கள். ஆலைக்கும் வீட்டுக்கும் இடையே எத்தனை கிலோமீட்டர் என்று அளப்பதைவிட, வீடு நீரோட்டத்தின் மேற்புறத்தில் உள்ளதா கீழ்ப்புறத்தில் உள்ளதா என்று பார்ப்பதே முதன்மையானது என்பதை அவ்வூர்களின் நிலை காட்டுகிறது. பட்டறைச் சந்தில் வாடகைக்கு இருப்பவருக்கு ஆற்றுக் குடிநீர்க் குழாய் வந்துவிட, கீழ்மடை விவசாயிக்குச் சொந்தக் கிணறே பயன்படாமற்போன முரண் எந்த நகரமயமாக்கல் ஆய்விலும் தனி இடம் பெறத் தக்கது.

ராணிப்பேட்டையில் இதன் இன்னொரு முகம் தெரிகிறது. அங்கே 1990களின் நடுவில் மூடப்பட்ட ஒரு குரோமேட் ஆலை விட்டுச்சென்ற கழிவுக்குவியல் ஒரு லட்சம் டன்னுக்கும் மேற்பட்டது. குரோமியத்தின் நச்சு மிக்க வடிவமான ஆறிணைதிறன் குரோமியம் நீரில் எளிதில் கரையக்கூடியது என்பதால், ஒவ்வொரு மழையும் அதைச் சிறிது சிறிதாக நிலத்துக்குள் இறக்குகிறது. அந்த ஆலையிலிருந்து இன்று ஓசையும் இல்லை, புகையும் இல்லை. அமைதியை மட்டுமே தேடி வருபவருக்கு அவ்விடம் பிடித்தும் போகலாம். மாசுபடுத்தியவரே சீர்செய்யும் செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை, அன்றைய வேலூர் வட்டாரத் தோல் பதனிடும் ஆலைகள் பற்றிய வழக்கின் 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பு நாட்டின் சட்டமாகவே அறிவித்தது. செலவை ஏற்பதும் நீர் பழைய நிலைக்குத் திரும்புவதும் ஒன்றல்ல.

தொழிற்பகுதிக்கு ஆதரவாகச் சொல்லப்படுபவை பொய்யல்ல: பனியன் கம்பெனியின் வாரக்கூலி பல பெண்களுக்கு முதன்முறையாகக் கைப்பணத்தைத் தந்தது, சாதி பார்த்துத் தெருவைப் பிரிக்கும் ஊரிலிருந்து வந்தவருக்குப் பொதுக் கழிப்பறையோடு வரிசையாக அமைந்த லைன் வீடும் ஒரு விடுதலையே. கிராமத்து நீர் இயல்பிலேயே தூய்மையானது என்று கொள்வதற்கும் இடமில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் ஆலையே இல்லாத ஊர்களிலும் பாறையிலிருந்து கரையும் ஃபுளூரைடு பற்களைக் கறையாக்கி எலும்பையும் தாக்கியதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தேவைப்பட்டது.

ஊரில் வீட்டை வைத்துக்கொண்டு கம்பெனி வேனில் வேலைக்குப் போய்வரும் நடுவழியைப் பலர் மேற்கொண்டுள்ளனர். பயணத்தில் உறக்கம் கரைந்தாலும் இது அறிவுடைய ஏற்பாடே. அந்த ஊர் எந்த ஓடையின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பது தெரிந்திருந்தால்.

மனை வாங்குவோர் பட்டாவையும் வில்லங்கச் சான்றையும் வழக்கறிஞரிடம் காட்டுகின்றனர். இவ்விரண்டிலும் நீரின் தன்மையைப் பற்றி ஒரு வரியும் இருப்பதில்லை. ஆலைகளை அவற்றின் மாசுத்திறனுக்கு ஏற்பச் சிவப்பு, ஆரஞ்சு, பச்சை, வெள்ளை முதலிய வகைகளாகப் பிரிக்கும் முறை நடைமுறையில் இருப்பதால், மனைக்கு மேற்புறத்தில் சிவப்பு வகை ஆலை உள்ளதா என்று விசாரித்தறிய முடியும். நீரில் கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை குடிக்க ஏற்றது என்றும், வேறு நீரே கிடைக்காத இடத்தில் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்றும் இந்தியத் தரநிர்ணயம் கூறுகிறது. ஃபுளூரைடுக்கு இவ்வரம்புகள் 1 மில்லிகிராமும் 1.5 மில்லிகிராமும் ஆகும். கையடக்கக் கருவி உப்பின் அளவை மட்டுமே மதிப்பிட்டுக் காட்டும். குரோமியத்தையும் ஃபுளூரைடையும் துல்லியமாக ஆய்வகத்தில்தான் அறிய முடியும். சோதனையைப் பங்குனி, சித்திரை வெயிலில் ஒருமுறையும் ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் ஒருமுறையும் செய்வது நல்லது. ஏனெனில் மழைநீர் கலந்து கிணறு நிறைந்திருக்கும் தை மாதத்தில் உப்பின் அளவு தாழ்ந்து காணப்படும்.