அடங்கிய நோவும் ஆறிய புண்ணும்

புனித சின்னப்பர் தம் அன்புச் சீடரான தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் திருமுகத்தில், திருச்சபையின் ஒழுங்கு பற்றிய பெரிய காரியங்களுக்கு நடுவே, அவருடைய வயிற்றைப் பற்றியும் ஒரு சொல் சொல்லிச் செல்கிறார். அடிக்கடி நோயுறும் சீடர் தண்ணீரை மட்டும் பருகாமல், வயிற்றின் நலனை முன்னிட்டுச் சிறிது திராட்சை இரசமும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பதே அவ்வறிவுரை. இதனை எடுத்துக்காட்டி நம்மிடம் வாதாடும் அன்பர்கள் எந்தப் பங்கிலும் உண்டு. 'சிறிது' என்னும் சொல்லை மட்டும் அவர்கள் மறந்துவிடுகிறார்கள்! மது இரைப்பையைப் புண்படுத்தும் என்பதை இன்று நாம் அறிவோம். எனினும், திருத்தூதர் ஒருவர் வயிற்று நோவை அற்பமென்று ஒதுக்கவில்லை என்பது நம் சிந்தனைக்குரியது.

நோயாளிகளைச் சந்திக்க இல்லங்களுக்குச் செல்லும்போது, தலைமாட்டில் செபமாலையையும் அதனருகே மாத்திரை அட்டைகளையும் நாம் காண்பது வழக்கம். அப்படி ஓர் இல்லத்தில் ஒரு பெரியவர். முழங்கால் வலிக்கென்று மருத்துவர் சீட்டின்றி நெடுங்காலமாய் வலி மாத்திரை வாங்கி உண்டு வந்தார். வயிறு எரிந்தது. எரிச்சலுக்கென்று வெண்ணிறக் குழம்பு மருந்தொன்றை வாங்கிக் குடித்தார். எரிச்சல் தணிந்தது; கவலையும் தீர்ந்தது. ஒருநாள் இரவு மலம் தார்போல் கறுத்துப்போக, அவர் மயங்கி விழுந்தார். மருத்துவமனையில் இரத்தம் ஏற்றிப் பிழைக்க வைத்தார்கள். "எரிச்சல் அடங்கியதும் புண் ஆறிவிட்டது என்றல்லவா நினைத்தேன், சுவாமி!" என்று அவர் நம்மிடம் கூறியது இன்றும் நம் செவியில் ஒலிக்கிறது. நோவு அடங்குவது வேறு, நோய் நீங்குவது வேறு. இவ்வேறுபாட்டை நம் குடும்பங்கள் உணர வேண்டும் என்பதற்காகவே இக்கட்டுரையை வரைகிறோம்.

எரிச்சலுக்கு மூவகை மருந்துகள்

உணவைச் செரிக்கச் செய்யும் பொருட்டு இரைப்பை வலிய அமிலத்தைச் சுரக்கிறது. அது மேலேறினால் நெஞ்செரிச்சல். இரைப்பையின் உட்சுவர் காவலிழந்தால் புண்.

முதல் வகை மருந்துகள், சுரந்துவிட்ட அமிலத்தின் வீரியத்தைக் குறைப்பவை. அலுமினியமும் மக்னீசியமும் சேர்ந்த குழம்புகளும் மெல்லும் மாத்திரைகளும் இவ்வகையின. சில நிமிடங்களில் சுகம் தரும். விரைவில் அதன் பலனும் தீர்ந்துபோகும். இரும்புச்சத்து மாத்திரையோடு சேர்த்து உண்டால், அம்மாத்திரை உடலில் சேர்வதை இவை தடுக்கும். ஆகவே கருவுற்ற தாய்மார் இவ்விரண்டுக்கும் இடையே சில மணி நேரம் விட வேண்டும்.

இரண்டாம் வகை, அமிலம் சுரப்பதையே குறைப்பவை. ஜேம்ஸ் பிளாக் என்னும் அறிஞரின் ஆராய்ச்சியால் இவ்வகையில் சிமெட்டிடின் என்னும் மருந்து 1976இல் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்தது. அவருக்கு 1988இல் நோபல் பரிசு கிட்டியது. இன்று ஃபமோடிடின் இவ்வகையில் வழங்குகிறது.

மூன்றாம் வகை, இவற்றினும் வலியவை. ஒமிப்ரசோல், பான்டோப்ரசோல் முதலியன இரைப்பையின் அமில ஊற்றையே பெருமளவு அடைத்துவிடுகின்றன. இவற்றை உணவுக்கு ஏறக்குறைய அரை மணி நேரம் முன்னதாக உண்ண வேண்டும். முழுப் பயன் தெரியச் சில நாட்களாகும். தக்க நோய்க்கு, தக்க காலம்வரை, இவை பெருநன்மை செய்யும். ஆனால், கேட்பாரின்றி ஆண்டுக்கணக்கில் உண்டால், பி12 என்னும் உயிர்ச்சத்தும் மக்னீசியமும் உடலில் குறையக்கூடும். நெடுநாள் உண்டு திடீரென நிறுத்தினால் அமிலம் முன்னிலும் மிகுந்து சுரக்கும். தொடங்குவதற்கு மட்டுமன்றி நிறுத்துவதற்கும் மருத்துவரின் ஆலோசனை வேண்டும்.

ஒரு பாஸ்கா விடுமுறை

வயிற்றுப் புண் கவலையாலும் காரத்தாலும் வருவது என்றே உலகம் நெடுங்காலம் நம்பியிருந்தது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன், பாரி மார்ஷல் என்னும் மருத்துவர் இருவர், நோயுற்ற இரைப்பைகளில் சுருள் வடிவான ஒரு கிருமியைக் கண்டனர். ஆய்வுக்கூடத்தில் அதனை வளர்க்கச் செய்த முயற்சிகள் பல முறை தோற்றன. 1982ஆம் ஆண்டு பாஸ்கா விடுமுறையில், வழக்கமாக இரண்டு நாட்களில் அகற்றப்படும் தட்டுகள் அப்படியே விடப்பட்டன. விடுமுறை கழிந்து பார்த்தபோது கிருமி வளர்ந்திருந்தது! மற்றவர்கள் நம்பத் தயங்கவே, 1984இல் மார்ஷல் அக்கிருமியைத் தாமே குடித்து நோயுற்றார். 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இதனால் நமக்கு விளையும் பயன் யாது? இக்கிருமியால் வரும் புண்ணை, மருத்துவர் சோதித்தறிந்து, கிருமிக்கொல்லிகளையும் அமிலத்தைக் குறைக்கும் மருந்தையும் சேர்த்து இரு வார அளவில் கொடுத்தால் வேரோடு தீர்க்கலாம். குழம்பு மருந்தை மட்டும் குடிப்பவரோ, எரிச்சலை அடக்கிக்கொண்டு புண்ணோடு வாழ்கிறார். இனி, வலி மாத்திரைகளால் வரும் புண்ணுக்குக் காரணம் வேறு. இரைப்பைச் சுவருக்குக் காவலாய் நிற்கும் சுரப்பை ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக், ஆஸ்பிரின் முதலியன குறைத்துவிடுகின்றன. நம் பெரியவருக்கு நேர்ந்தது இதுவே. ஆயினும், இருதய நோய்க்கென மருத்துவர் கொடுத்த ஆஸ்பிரினை ஒருவரும் தாமாக நிறுத்தலாகாது.

நிற்காத பேதியும் காக்கும் கரைசலும்

குழந்தைகளின் வயிற்றுப்போக்கில் இவ்வேறுபாடு இன்னும் தெளிவாகத் தெரியும். பேதியை உடனே நிறுத்தும் மாத்திரையைத் தாய் தேடுகிறாள். லோபரமைடு குடலின் அசைவைத் தளர்த்திப் பேதியைக் குறைப்பது உண்மையே. ஆனால் சிறு குழந்தைகளுக்கு அது ஆபத்தானது. மலத்தில் இரத்தமும் காய்ச்சலும் இருப்பின் பெரியவர்களுக்கும் ஆகாது. குழந்தையின் உயிரைக் கவர்வது, உடலிலிருந்து நீரும் உப்பும் வெளியேறிவிடுவதே.

1971இல் வங்காள அகதிகள் இலட்சக்கணக்கில் இந்தியாவுக்குள் வந்தபோது, எல்லையிலுள்ள போன்காவ் முகாமில் காலரா பரவிற்று. நரம்பின் வழியாக ஏற்றும் மருந்து நீர் போதவில்லை. மருத்துவர் திலீப் மஹலனாபிஸ், உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரை வாய்வழியே கொடுக்கச் செய்தார். நூற்றுக்கு முப்பது பேர்வரை மாண்டுகொண்டிருந்த நிலை மாறி, மரணம் நூற்றுக்கு நான்கு பேருக்கும் கீழே குறைந்தது. குடல் குளுக்கோஸை ஏற்கும்போது உப்பையும் நீரையும் உடன் ஏற்றுக்கொள்கிறது என்பதே இதன் இரகசியம்.

இக்கரைசல் பேதியை உடனே நிறுத்துவதில்லை. அதனாலேயே பலர் இதனை மருந்தென்று மதிப்பதில்லை. ஆனால், உயிரைக் காப்பது இதுவே. பொட்டலத்தில் குறித்த அளவுப்படி, ஒரு லிட்டருக்குரியதைச் சரியாக ஒரு லிட்டர் தூய நீரில் கரைத்து, சிறிது சிறிதாகக் கொடுக்க வேண்டும். தாய்ப்பாலையும் உணவையும் நிறுத்தலாகாது. குழந்தைக்குத் துத்தநாக மாத்திரையைப் பத்து முதல் பதினான்கு நாட்கள் கொடுப்பதும் உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை.

தாமதம் வேண்டாம்

கறுத்த மலம், இரத்த வாந்தி, விழுங்குவதில் தடை, காரணமின்றி உடல் இளைத்தல், ஓயாத வாந்தி, பேதியுற்ற குழந்தையின் கண்கள் குழிந்து சிறுநீர் குறைதல் — இவற்றைக் கண்டால் மருந்துக்கடையை அல்ல, மருத்துவரை நாட வேண்டும். வியர்வையோடு வரும் நெஞ்செரிச்சல் சில வேளை மாரடைப்பாகவும் இருக்கலாம். அப்போது ஒரு நிமிடமும் வீணாக்கலாகாது.

மருத்துவரையும் மண்ணில் விளையும் மருந்துகளையும் படைத்தவர் இறைவனே என்று சீராக் ஆகமத்தின் 38ஆம் அதிகாரம் போதிக்கிறது. செபிக்கச் சொல்லும் அதே அதிகாரம், மருத்துவருக்கு இடம் கொடுக்கவும் சொல்கிறது. நோவு என்பது உடல் நமக்கு அனுப்பும் தூதன். தூதனின் வாயைப் பொத்திவிட்டு, அவன் கொண்டுவந்த செய்தியைக் கேளாதிருப்பது அறிவுடைமை ஆகாது. நாம் மேலே குறித்த பெரியவர் இப்போது நலமாய் இருக்கிறார். மருந்துச் சீட்டைச் செபப் புத்தகத்துக்குள் வைத்துப் பேணுகிறார். புதிய மாத்திரை எதனைக் கண்டாலும், "இது நோவை அடக்குவதா, நோயைத் தீர்ப்பதா?" என்று மருத்துவரைக் கேட்ட பின்னரே வாயில் இடுகிறார். அக்கேள்வியை நம் இல்லங்கள் ஒவ்வொன்றும் கற்றுக்கொள்வதாக.