சிறிய பொக்லைன் சொல்லித்தந்த பாடம்

(இயற்பியல் துறை, மூன்றாம் ஆண்டு)

நுங்கு வண்டி ஓட்டாத கிராமத்துப் பிள்ளை உண்டா? நுங்கு தின்றபின் எஞ்சும் இரண்டு கூடுகளை ஒரு குச்சியால் இணைத்து, கவைக்கம்பால் தள்ளிக்கொண்டு தெருத்தெருவாக ஓடுவோம். அதுதான் நாம் செய்த முதல் மாதிரி வண்டி. நான் அந்த விளையாட்டை இன்னும் விடவில்லை. கூடு போய் ரப்பர்ச் சக்கரம் வந்தது. கவைக்கம்பு போய் ரேடியோ அலை வந்தது. அவ்வளவுதான் வேறுபாடு.

ரேடியோ அலையால் இயங்கும் சிறிய லாரியையும், எண்ணெய் அழுத்தத்தால் மண் அள்ளும் சிறிய இயந்திரத்தையும் எப்படிச் செய்வது, அவற்றுள் அடங்கிய அறிவியல் யாது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். இதை எழுதத் தூண்டிய நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. அதை உரிய இடத்தில் கூறுகிறேன்.

பெயர் வந்த கதை

கச்சிராயபாளையம் தாண்டிக் கல்வராயன் மலைக்கு ஏறும் சாலையில் மழைக்காலத்தில் மண் சரிந்தால் முதலில் வந்து நிற்பது ஜேசிபி. நாம் பொதுப்பெயராக வழங்கும் அச்சொல் ஒரு மனிதரின் பெயர்ச் சுருக்கம். ஜோசப் சிரில் பாம்ஃபோர்டு என்ற ஆங்கிலேயர் 1945இல் ஒரு வாடகைக் கொட்டகையில் ஒரு வெல்டிங் கருவியுடன் தொழில் தொடங்கினார். அவர் முதலில் செய்தது சரக்கைச் சாய்த்துக் கொட்டும் ஒரு சிறு டிரெய்லர்தான். அந்நிறுவனம் 1979இல் இந்தியக் கூட்டு முயற்சியாக ஹரியானாவிலுள்ள பல்லப்கருக்கு வந்தது. செய்தித்தாள்கள் எழுதும் 'பொக்லைன்' ஒரு பிரெஞ்சு நிறுவனத்தின் பெயர். நம் ஊரார் சொல்லும் 'கிட்டாச்சி', ஜப்பானின் ஹிட்டாச்சி. மூன்று நாட்டுப் பெயர்களும் நம் மலையடிவாரத்தில் தமிழாகிவிட்டன.

என் தந்தையார் இருபது ஆண்டுகளாக ஜேசிபி ஆபரேட்டர். அவருடைய இடக்கை ஆட்காட்டி விரலின் நுனி இல்லை. சிறுவயதில் காரணம் கேட்டால், "வண்டி கடிச்சிடுச்சு" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவார்.

பதினான்கில் ஒன்று

மாதிரி லாரிகளுக்கு உலகெங்கும் பெரிதும் வழங்கும் அளவு பதினான்கில் ஒரு பங்கு. இரண்டரை மீட்டர் அகலமுள்ள லாரி இதில் 18 சென்டிமீட்டர் ஆகும். நீளம் பதினான்கில் ஒன்றானால், பரப்பு 196இல் ஒன்றாகும். பருமனும் அதனோடு எடையும் 2744இல் ஒன்றாகும். ஏறத்தாழ ஏழரை டன் எடையுள்ள ஜேசிபியின் மாதிரி 2.7 கிலோ இருந்தால் கணக்கு சரி. வேகமும் அப்படியே. மணிக்கு 40 கிலோமீட்டர் ஓடும் லாரியின் மாதிரி மணிக்கு மூன்று கிலோமீட்டருக்கும் சற்றுக் குறைவாகத்தான் ஊர்ந்து செல்ல வேண்டும். விளையாட்டுக் கார் போல் அது பறந்தால் பார்ப்பவருக்கு லாரி என்ற எண்ணமே வராது.

ஆகவே, மோட்டாரின் வேகத்தைப் பற்சக்கரங்களால் பலமுறை குறைக்கிறோம். வேகம் குறையக் குறைய இழுவிசை கூடும். வெள்ளிமலைக்கு ஏறும் லாரி வளைவில் கியரைக் குறைப்பதும் இதற்காகவே. வளைவில் வெளிப்புறச் சக்கரம் உட்புறச் சக்கரத்தைவிட அதிகத் தொலைவு சுழல வேண்டும். அதற்கு உதவுவது பின் அச்சின் நடுவிலுள்ள டிஃபரன்ஷியல். எனது முதல் லாரியில் இரு சக்கரங்களையும் ஒரே கம்பியில் இறுக்கிவிட்டேன். நேர்ச்சாலையில் நன்றாக ஓடியது. திருப்பத்தில் முன்சக்கரம் திரும்பியும் வண்டி நேரே போய்ச் சுவரில் முட்டியது. புத்தகத்தில் மூன்று பக்கம் படித்து விளங்காத டிஃபரன்ஷியல், அந்த ஒரு முட்டலில் விளங்கிற்று.

லாரியின் உடலைப் பி.வி.சி. தகட்டில் வெட்டி ஒட்டினேன். நாமக்கல்லில் லாரிகளுக்குப் 'பாடி' கட்டும் முறையையே பின்பற்றலாம்: முதலில் சேஸிஸ், அதன்மேல் குறுக்குச் சட்டங்கள், பிறகு பக்கப் பலகை.

கம்பியில்லாக் கட்டளை

தொலைவிலிருந்து ரேடியோ அலையால் ஒரு பொருளை இயக்குவது புதியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஜகதீச சந்திர போஸ் கல்கத்தாவில், கம்பியில்லாமல் அலையை அனுப்பி, தொலைவிலிருந்த மணியை ஒலிக்கச் செய்தார். 1898இல் நிகோலா டெஸ்லா நியூயார்க்கில் ஒரு சிறு படகை அவ்வாறே இயக்கிக் காட்டினார்.

இன்றைய கருவிகள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் இயங்குகின்றன. கையிலுள்ள குச்சியை அசைத்தால், வண்டியிலுள்ள ஏற்பி அதை உணர்ந்து 'சர்வோ' என்னும் சிறு மோட்டாருக்குத் துடிப்புகளை அனுப்பும். துடிப்பு ஒன்றரை மில்லி செகண்டு நீடித்தால் சர்வோ நடுவில் நிற்கும். ஒரு மில்லி செகண்டானால் ஒரு பக்கம், இரண்டானால் மறுபக்கம் திரும்பும். ஸ்டியரிங்கைத் திருப்புவதும், கியர் மாற்றுவதும், எண்ணெய் வால்வைத் திறப்பதும் இந்தச் சர்வோக்களே.

ஊசிக்குழலில் தொடங்கிய ஹைட்ராலிக்ஸ்

மூடிய கலத்திலுள்ள திரவத்தின் ஓரிடத்தில் தரும் அழுத்தம் குறையாமல் எல்லாத் திசையிலும் பரவும் என்று பாஸ்கல் பதினேழாம் நூற்றாண்டில் கூறினார். 1795இல் ஜோசப் பிராமா அதை அழுத்தும் இயந்திரமாக்கிக் காப்புரிமை பெற்றார். அதை வீட்டிலேயே காண இரண்டு ஊசிக்குழல்கள் போதும். சிறியதையும் பெரியதையும் ஒரு குழாயால் இணைத்து, நீர் நிரப்பிச் சிறியதை அழுத்துங்கள். பெரியதன் விட்டம் இரு மடங்கானால் விசை நான்கு மடங்காகும். ஆனால், அது நகரும் தொலைவு கால் பங்காகும். இயற்கை எதையும் இலவசமாகத் தருவதில்லை.

எனது முதல் பக்கெட் அட்டையும் ஊசிக்குழலும் கொண்டது. அது சீராக எழாமல் தவளைபோல் துள்ளியது. குழாயில் காற்றுக்குமிழி புகுந்ததே காரணம். காற்று அமுங்கும், திரவம் ஏறத்தாழ அமுங்காது. குழாயைத் தூக்கிப்பிடித்துக் காற்றை முழுதும் வெளியேற்றியபின் துள்ளல் நின்றது.

பிறகு நானும் இரு நண்பர்களும் பணம் சேர்த்து ஒரு சிறு கியர் பம்பும் வால்வும் வாங்கினோம். சிலிண்டர்களைப் பித்தளைக் குழாயில் கள்ளக்குறிச்சியில் ஒரு லேத் பட்டறையில் கடைந்து வாங்கினோம். எண்ணெய் செல்லும் வழி பெரிய இயந்திரத்தில் உள்ளதேதான். தொட்டியிலிருந்து பம்பு எண்ணெயை இழுத்து வால்வுக்குத் தள்ளும். வால்வினுள் பள்ளங்கள் வெட்டிய ஒரு தண்டு உண்டு. அது ஒரு பக்கம் நகர்ந்தால் எண்ணெய் பிஸ்டனின் பின்புறம் சென்று தண்டை வெளித்தள்ளும். மறுபக்கம் நகர்ந்தால் முன்புறம் சென்று உள்ளிழுக்கும். அழுத்தம் எல்லை மீறினால் எண்ணெயைத் தொட்டிக்கே திருப்பிவிட ஒரு ரிலீஃப் வால்வு உண்டு. குக்கரின் வெயிட் செய்யும் வேலையே அதுவும் செய்கிறது.

எங்கள் சிலிண்டரின் உள்விட்டம் 12 மில்லிமீட்டர், பரப்பு 1.13 சதுர சென்டிமீட்டர். 20 பார் அழுத்தத்தில் அது ஏறத்தாழ 23 கிலோ எடையைத் தள்ளும். உள்ளிழுக்கும்போது 5 மில்லிமீட்டர் தண்டு இடத்தை அடைத்துக்கொள்வதால் 19 கிலோதான். இரண்டே முக்கால் கிலோ இயந்திரத்திற்கு இது தாராளம்.

பெரிய இயந்திரத்தில் 200 பாருக்கும் மேல் தேவைப்பட, இதற்கு மட்டும் 20 போதுவது எப்படி? அழுத்தம் சமமானால் சிலிண்டரின் விசை பரப்பைப் பொறுத்து 196இல் ஒன்றாகிறது; தூக்கவேண்டிய எடையோ 2744இல் ஒன்றாகிறது. எடை 14 மடங்கு அதிகமாகக் குறைந்துவிட்டது. எனவே, பதினான்கில் ஒரு பங்கு அழுத்தமே போதும். எறும்பு தன்னைவிடப் பெரிய சுமையைத் தூக்குவதும் இவ்வகைக் கணக்கினால்தான்.

"கையை எடுடா!"

சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுத் திண்ணையில் இயந்திரம் முதன்முறை இயங்கியது. பக்கெட் எழுந்தது, ஆனால், நிற்கவில்லை, மெல்ல இறங்கியது. எங்கோ கசிவு. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. பம்பு ஓடிக்கொண்டிருக்க, நைலான் குழாயை விரலால் தடவிப் பார்க்கக் கையை நீட்டினேன். அருகில் அமர்ந்திருந்த தந்தையார் என் கையை ஓங்கித் தட்டிவிட்டார். "கையை எடுடா!"

அவர் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. சுவரிலிருந்த பழைய காலண்டர் அட்டையை எடுத்துக் குழாயை ஒட்டி மெல்ல நகர்த்தினார். ஓரிடத்தில் அட்டையில் எண்ணெய்க்கோடு ஒன்று விழுந்தது. மயிரிழைத் துளை. பம்பை நிறுத்தச் சொன்னார். அதன்பிறகே தம் விரலின் கதையைச் சொன்னார்.

அவர் தொழில் பழகிய காலத்தில் மலைமேல் வேலை. ஹோஸ் கசிகிறது என்று விரலால் தடவினார். முள் குத்தியதுபோல் இருந்தது; ஒரு சொட்டு இரத்தமும் இல்லை. துணியால் துடைத்துவிட்டு மாலைவரை வேலை செய்தார். இரவில் விரல் வீங்கிக் கறுத்தது. மலையிலிருந்து இறங்கி மருத்துவரைப் பார்க்க மறுநாள் ஆயிற்று. நுனியை எடுத்துத்தான் மற்றதைக் காப்பாற்ற முடிந்தது.

அன்றிரவு நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நம் கோமுகி அணை 46 அடி முழுதும் நிரம்பினாலும், அடித்தளத்தில் நீரின் அழுத்தம் ஏறத்தாழ 1.4 பார்தான். 200 பார் வேண்டுமானால் நீர் ஆறாயிரத்தைந்நூறு அடிக்கும் மேல் உயர்ந்து நிற்க வேண்டும். கல்வராயன் மலையின் பெரும்பகுதி 2000 முதல் 3000 அடி உயரமே. மலையைப்போல் இருமடங்கு உயர்ந்த நீர்த்தூணின் அழுத்தம், விரல் பருமனுள்ள ஒரு ஹோஸுக்குள் அடங்கியிருக்கிறது! மயிரிழைத் துளை வழியே அது ஊசியாகப் பாயும். தோலைத் துளைத்துத் தசையினுள் எண்ணெயைப் பரப்பி இரத்த ஓட்டத்தைத் தடுக்கும். மேலே காண்பது ஊசிமுனைக் காயம், உள்ளே அழிவு. சில மணி நேரத்துக்குள் அறுவை செய்து எண்ணெயை நீக்காவிட்டால் விரலோ கையோ போகும். இதற்கு 200 பார் வேண்டியதில்லை. 7 பார் அழுத்தமே தோலைத் துளைக்கப் போதும் என்கின்றனர். எங்கள் பொம்மையில் இருந்ததோ 20.

பாஸ்கல் விதியை நான் தேர்வில் எழுதி முழு மதிப்பெண் பெற்றவன். தந்தையார் எட்டாம் வகுப்புக்குமேல் படிக்காதவர். ஆயினும், அன்று விதியை அறிந்திருந்தவர் அவர். எழுத மட்டும் தெரிந்திருந்தவன் நான்.

செய்ய விரும்புவோருக்கு

நண்பர்களே, நீங்களும் செய்து பாருங்கள். முதலில் ஊசிக்குழலும் நீரும். அது கைவந்தபின் எண்ணெய். பம்பு ஓடும்போது கண்ணாடி அணியுங்கள். கசிவை அட்டையால் தேடுங்கள், விரலால் ஒருபோதும் தேடாதீர்கள். தூக்கிய பக்கெட்டின் கீழ்க் கைவைக்குமுன் முட்டுக் கொடுங்கள். லித்தியம் பேட்டரியைக் கண்காணிப்பின்றிச் சார்ஜ் ஏற்றாதீர்கள், உப்பியதைப் பயன்படுத்தாதீர்கள்.

நம் கள்ளக்குறிச்சி மரச்சிற்பம் 2021இல் புவிசார் குறியீடு பெற்றது. கைத்திறன் நம் மண்ணுக்குப் புதியதன்று. அதனோடு பாடநூல் அறிவும் சேர்ந்தால் நம் ஆய்வுக்கூடத்திலும் நல்ல மாதிரிகள் பல உருவாகும்.

இப்போது எங்கள் சிறிய பொக்லைன் வீட்டில் இருப்பதில்லை. வேலைக்குப் புதிதாக வரும் பையன்களுக்குக் காட்டத் தந்தையார் அதை எடுத்துச் செல்கிறார். கூடவே அந்தக் காலண்டர் அட்டையும் போகிறது.