கணக்கு டீச்சர் தேவை, குரோஷேவுக்கு!

குட்டிக் கரடி பொம்மையின் தலை. மேஜிக் ரிங்கில் 6 சிங்கிள் குரோஷே. அடுத்த சுற்றில் ஒவ்வொன்றிலும் இரண்டு போட்டால் 12. பிறகு 18, பிறகு 24. குரோஷே ஊசி பிடித்த கைகளுக்கு இது மனப்பாடம். இதில் நான்காவது சுற்றுக்கு, ‘2 சிங்கிள், 1 இன்கிரீஸ் (ஒரே ஸ்டிச்சில் இரண்டு), 7 முறை’ என்று டிசைனர் தவறுதலாக அடித்துவிட்டார் என்று வையுங்கள். 7 முறை போட, கீழ்ச்சுற்றில் 21 ஸ்டிச் வேண்டும். இருப்பதோ 18. பழகியவர்கள் ஒரு பார்வையில் 6 என்று திருத்திக்கொண்டு போய்விடுவார்கள். முதல் பொம்மை பின்னும் பெண்ணோ, தப்பு தன்மேல்தான் என்று நினைத்துப் பிரித்துப் போடுவாள். மறுபடி பின்னுவாள். மறுபடி பிரிப்பாள்.

அந்த 7-ஐ, பேட்டர்ன் எனும் பின்னல் குறிப்பு விற்பனைக்கு வரும் முன்பே கண்டுபிடித்துக் கொடுப்பவர்தான் டெக் எடிட்டர். ‘வீட்டிலிருந்தே வருமானம்’ வரிசைக்குக் குரோஷே பற்றி எழுதச் சொன்னார்கள். பொம்மை பின்னி விற்பது பற்றி எவ்வளவோ வந்துவிட்டது. பெரும்பாலும் ஊசியைத் தொடாமலே குரோஷேவில் சம்பாதிக்கும் இந்த ஆளைப் பற்றித்தான் நம் பக்கம் அதிகம் பேச்சில்லை.

அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் கைவேலைப் பத்திரிகைகள் ஆள் வைத்துச் செய்த வேலை இது. டிசைனர்கள் தாங்களே பேட்டர்னை பிடிஎஃப் ஆக்கி விற்க ஆரம்பித்ததும், மணிக்கணக்கில் கூலி பேசும் தனி வேலையாகவும் ஆனது. கையில் வேண்டியது ஒரு கணினி, எக்செல், அப்புறம் அசாத்தியப் பொறுமை. அழகு, கலர் பற்றி எடிட்டர் வாய் திறக்கமாட்டார். ‘12-வது வரிசையில் எனக்கு 42 வருகிறது, நீங்கள் 44 என்கிறீர்கள், எது சரி?’ என்று ஓரத்தில் எழுதிக் கேட்பார். வரிசை ஆரம்பத்தில் போடும் 3 செயினை ஒரு டபுள் குரோஷேவாக எண்ண வேண்டுமா, வேண்டாமா? பேட்டர்ன் இதைச் சொல்லாமல் விட்டால் வரிசைக்கு வரிசை ஓரத்தில் ஸ்டிச் குறைந்து, நேராக வர வேண்டிய மஃப்ளர் முக்கோணமாகிவிடும். எடிட்டர் முதலில் தேடுவதே இந்த மாதிரி வரியைத்தான்.

ஸ்வெட்டர் என்றால் கணக்கு இன்னும் கடினம். 10 சென்டிமீட்டருக்கு 16 ஸ்டிச் என்ற அளவில், 90 சென்டிமீட்டர் மார்புச் சுற்றுக்கு 144 ஸ்டிச் வேண்டும். டிசைனர் அளந்ததில் ஒரே ஒரு ஸ்டிச் பிசகி உண்மையில் 15 என்றால், அதே 144 ஸ்டிச் 96 சென்டிமீட்டர் ஆகிவிடும். அதாவது, கிட்டத்தட்ட அடுத்த சைஸ்! சின்ன சைஸை அப்படியே பெருக்கிப் பெரிய சைஸ் போடுவது இன்னொரு பிழை. மார்பு பெருக்கிற விகிதத்தில் தோள் பெருப்பதில்லை. பெருக்கல் வாய்ப்பாட்டை நம்பினால் கழுத்து தோளைவிட்டு வழியும். இதற்கு நடுவே நாட்டுச் சண்டை வேறு. அமெரிக்கர்களின் சிங்கிள் குரோஷே, இங்கிலாந்தில் டபுள் குரோஷே. அவர்களின் டபுள், இவர்களுக்கு ட்ரெபிள். எந்த நாட்டு முறை என்று முதல் பக்கத்தில் போடாத பேட்டர்னை எடிட்டர் கையோடு திருப்பி அனுப்பலாம். தப்பே இல்லை.

இவ்வளவு வேலைக்கும் காசு தர மனமில்லாத டிசைனர்கள் என்ன செய்கிறார்கள்? ‘டெஸ்ட்டர்கள் தேவை’ என்று சமூக ஊடகத்தில் ஒரு பதிவு. எனக்கு எரிச்சல் வருவது இங்கேதான். டெஸ்ட்டரின் வேலை, பேட்டர்ன் புரிகிறதா, உடுப்பு உடம்பில் உட்காருகிறதா என்று பின்னிப் பார்ப்பது. எடிட்டர் சரிபார்த்துக் கொடுத்த பிறகு செய்ய வேண்டியது அது. எடிட்டரையே தவிர்த்துவிட்டுக் கணக்குப் பிழைகளையும் இவர்கள் தலையில் கட்டுகிறார்கள். பெரியவர்கள் ஸ்வெட்டருக்கு ஆயிரம் மீட்டருக்கு மேல்கூட நூல் போகும். அந்த நூலைச் சொந்தக் காசில் வாங்கி, கெடு தேதிக்குள் பின்னி, போட்டோவும் பிடித்துப் போடும் பெண்ணுக்குக் கிடைப்பது பெரும்பாலும் அந்த பிடிஎஃப் மட்டும். ஒரு மணி நேரத்தில் எக்செல் காட்டிக்கொடுத்திருக்கும் பிழைக்காக, பாதி முதுகைப் பிரிக்கிறாள். ‘விருப்பப்பட்டுத்தானே வருகிறார்கள், பொழுதும் போகிறது’ என்கிறது டிசைனர் தரப்பு.

பொழுதுபோக்கு என்ற இந்தப் பேச்சு பழசு. ஆந்திராவின் நரசாபூரில் 19-ம் நூற்றாண்டிலிருந்தே பெண்கள் குரோஷே லேஸ் பின்னுகிறார்கள். 2024-ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. நாளெல்லாம் பின்னி உலகச் சந்தைக்கு அனுப்பிய அந்தப் பெண்களை ‘ஓய்வு நேரத்தில் கைவேலை செய்யும் இல்லத்தரசிகள்’ என்று ஊரே சொன்னதால் கூலி எப்படி அடிமட்டத்தில் கிடந்தது என்பதை, ஜெர்மன் ஆய்வாளர் ஒருவர் 1982-ல் தனி நூலாகவே எழுதினார். குரோஷேவை ஆலையில் வைத்துப் பின்ன இன்னும் இயந்திரம் புழக்கத்துக்கு வரவில்லை. கை மட்டும்தான். அந்தக் கைக்கு மட்டும் விலை இல்லை.

டெக் எடிட்டிங் பழக நினைப்பவர்கள் பிளஸ் டூ கணக்கைக் கண்டு பயப்பட வேண்டாம். ஆறாம் வகுப்புப் பெருக்கலும் விகிதமும் போதும். ஆங்கிலத்தில் பேட்டர்ன் வாசிக்கத் தெரிய வேண்டும். டெஸ்ட்டராகப் போகிற தோழிகளே, நூல் வாங்கும் முன் டிசைனரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ‘இதை எடிட் செய்தது யார்?’ பதில் வரவில்லை என்றால், அந்த நூலில் உங்களுக்கே ஒரு ஸ்வெட்டர் போட்டுக்கொள்ளுங்கள்.